காப்பிக்கு முந்தி அந்த மாத்திரை

தங்கம்,

தைராய்டு மாத்திரையின் டோஸைக் கூட்டியும், தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற அந்த டிஎஸ்எச் அளவு 6.8-க்குக் கீழே இறங்கவில்லை என்று போனில் நீ அழுத அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அப்போதுதான் ஆனித் தேருக்கு நீ வந்திருந்தபோது கண்ணில் பட்டது நினைவுக்கு வந்தது. அடுக்களையில் நின்று தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் உள்ளங்கையில் சேர்த்துப் போட்டு, ஆவி பறக்கிற காப்பியோடு ஒரே மடக்கில் விழுங்கினாய். நானும் தோசையைத் திருப்பிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

ஏட்டி, தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடுதான் போட வேண்டும். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கெல்லாம் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நானும் முதல் ரெண்டு வருஷம் காப்பியோடு விழுங்கினவள்தான், பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா கேட்ட பிறகு மாற்றினேன், டோஸைக் கூட்டாமலே இறங்கிவிட்டது. நீ இதை உன் டாக்டரிடம் மறைக்காமல் சொல். பழக்கத்தை மாற்றினதும் கூட்டின டோஸ் உனக்கு அதிகமாகிவிடலாம், அதனால் 6 வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்க்கணும். பிள்ளைக்குப் பார்க்கிறவர்களுக்கு டிஎஸ்எச்சை 2.5-க்குக் கீழே கொண்டுவரத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். தைராய்டு குறைந்தால் கருமுட்டை வெளிவருவது தடுமாறும், தீட்டும் தள்ளித் தள்ளிப் போகும். உனக்கு நடக்கிறதும் அதுவாக இருக்கலாம், அதற்குள் உன் உடம்பையே குறை சொல்லாதே.

ஹார்மோன் மாத்திரை பிள்ளைக்கு ஆகாது, நாள் தள்ளினதும் நிறுத்திவிடு என்று சொந்தத்தில் யாராவது சொன்னால் கேட்காதே. உடம்பு தானே சுரக்க வேண்டியதைத்தான் அந்த மாத்திரை தருகிறது. முதல் மூணு மாசம் வயிற்றுப் பிள்ளைக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். அதனால் நாள் தள்ளி டெஸ்டில் தெரிந்த அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு, அப்போது டோஸைக் கூட்டத்தான் செய்வார்கள்.

அப்புறம், மாப்பிள்ளைக்கும் டெஸ்ட் எடுத்தாச்சா? மூணு வருஷமாக நீ மட்டும் ஊசி குத்திக்கொண்டிருந்தால் போதாது, கூச்சப்படாமல் அவரையும் கூட்டிப் போ.

தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தபோது "விசேஷம் உண்டா?" என்று ஒருத்தி கேட்டாளே, உன் முகம் சுண்டினதைப் பார்த்தேன். இனி யார் கேட்டாலும் என்னிடம் கேட்கச் சொல், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கருப்பட்டியும் சுக்கும் பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன். மாத்திரை ஆறு மணிக்கு, காப்பி ஏழு மணிக்கு. ஆறு மணிக்கு நான் போன் போடுவேன், எடு.

அம்மா