மலையிலிருந்து இறங்குகிறவருக்கு மின்கார்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் குடியிருந்துகொண்டு மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடுகிற ஒருவர், ஒரு கோடிக்கு மேல் கொடுத்து மின்சார எஸ்.யூ.வி. வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் மும்முனை (த்ரீ ஃபேஸ்) மின் இணைப்பு கிடைக்கும் என்றால் வாங்கலாம், கிடைக்காது என்றால் டீசலிலேயே இருங்கள் என்பது என் கருத்து. தேயிலை வியாபாரத்துக்காக மலைக்கும் சமவெளிக்குமாக அலைகிற இன்னும் சிலரும் இதையே கேட்பதால், விரிவாகவும் பொதுவிலும் எழுதுகிறேன்.

மலை ஏறினால் பேட்டரி தீர்ந்துவிடும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டிகள் எல்லாம் இரண்டரை டன்னை ஒட்டிய எடையும், ஏறத்தாழ 100 யூனிட் பேட்டரியும் கொண்டவை. மின்வாரியக் கட்டணச் சீட்டில் வரும் அதே யூனிட்தான். மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் உயர வேறுபாடு சுமார் 1,500 மீட்டர். இரண்டரை டன்னை அவ்வளவு உயரம் தூக்க 10 யூனிட் வேண்டும். சாலை உராய்வும் மோட்டார் இழப்பும் சேர்ந்தால் 15 யூனிட் ஆகும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஏறக்குறைய 5 யூனிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆக, ஏறி இறங்கும் 66 கிலோமீட்டருக்கு நிகரச் செலவு 10 யூனிட்தான். அதே வண்டி சேலம் நெடுஞ்சாலையில் 110 வேகத்தில் போனால், 100 கிலோமீட்டருக்கு 23, 24 யூனிட் தின்னும். நீங்கள் பயப்பட வேண்டியது மலைக்கு அல்ல, வேகத்துக்குத்தான்.

ஆனால் இந்தக் கணக்கை மலைமேல் குடியிருப்பவர் தலைகீழாகப் பயன்படுத்தக் கற்க வேண்டும். சமவெளிக்காரர் இரவில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பலாம். நாம் அப்படிச் செய்யக் கூடாது. நிறைந்த பேட்டரியில் மேற்கொண்டு வாங்கிக்கொள்ள இடம் இல்லாததால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக வேகம் குறைகிற அந்தப் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டரை டன் எடையும் வெறும் பிரேக் கட்டைகளின் மேல் விழும். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று நம் மலைப்பாதையில் பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தை, கியரே இல்லாத இந்த வண்டியில் நிறைவேற்றித் தருவது அந்தப் பிடிப்புதான். ஆகவே 80 சதவீதத்தில் சார்ஜரை நிறுத்துங்கள். மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது 85 இருக்கும். ஊட்டியில் தங்கிவிட்டு, தலைகுந்தா பக்கம் புல்லில் உறைபனி படிந்திருக்கும் ஜனவரி விடியற்காலையில் இறங்குவதானால் இன்னும் ஒரு எச்சரிக்கை: குளிர்ந்த பேட்டரியும் மின்சாரத்தை வேகமாக வாங்கிக்கொள்ளாது. சார்ஜ் ஏறி முடியும் நேரத்தை, கிளம்பும் நேரத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் பேட்டரி சற்று வெதுவெதுப்பாக இருக்கும்.

திரும்பி வரும்போது நேர்மாறான கவனம் தேவை. மேட்டுப்பாளையத்தில் திரை 100 கிலோமீட்டர் மிச்சம் என்று காட்டினால், அது சமவெளி ஓட்டத்தை வைத்துச் சொல்வது. கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர்தானே என்று ஏறத் தொடங்கினால், அந்த நூறில் அறுபதுக்கு மேல் மலையே எடுத்துக்கொள்ளும். அடிவாரத்தில் 25 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மைசூர்ப் பயணங்களில் சிக்கல் நேரத்தைப் பற்றியது. பந்திப்பூர்க் காட்டுப்பாதை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அடைபட்டிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்; டீசல் நிரப்ப ஐந்து நிமிடம் போதும், சார்ஜுக்கு வரிசையில் நின்றால் மாலை முழுவதும் போய்விடும். மைசூருக்குப் போனவுடனேயே, வேலையைப் பார்ப்பதற்கு முன்பே, வண்டியைச் செருகிவிடுங்கள்.

இனி மும்முனை இணைப்பு. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் இந்தப் பேட்டரி நிறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஒருமுனையில் 7.4 கிலோவாட் சார்ஜர் 14 மணி நேரம் எடுக்கும். 11 கிலோவாட் மும்முனைச் சார்ஜர் ஓர் இரவில் முடித்துவிடும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுந்து மின்சாரம் நின்றுபோகும் ஊரில், கிடைக்கிற சில மணி நேரத்தில் எவ்வளவு ஏற்ற முடியும் என்பதுதான் கேள்வி. மழைக்காலத்தில் பேட்டரியை 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடாமல் இருப்பது நல்லது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932 முதல் கோவை ஆலைகளுக்கு மின்சாரம் அனுப்பிய மலையில் இருந்துகொண்டு மின்வெட்டுக்கு அஞ்சுவது வேடிக்கைதான். ஆனால் கம்பிக்கு வரலாறு தெரியாது.

மிச்சப்படும் பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 1,000 யூனிட் ஆகும். வீட்டு இணைப்பில் உச்சப் படிநிலைக் கட்டணம் விழுந்தாலும் டீசல் செலவில் மூன்றில் ஒரு பங்குதான். சாலை வரி பெரிய விஷயம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வரி 20 சதவீதம். மின்வாகனங்களுக்கு 2023 கொள்கை அதை முழுவதுமாக விலக்கியது. முன்பணம் கட்டும் முன், பதிவு நாளில் அந்த விலக்கு நடப்பில் இருக்குமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விற்பனையாளர் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம் என்பார். அதே வரியில் சின்ன எழுத்தில் "அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது" என்று இருக்கும். ஆண்டுக்குப் பத்தாயிரம் ஓடுகிறவருக்கு அது எட்டு ஆண்டு. உங்களுக்கு மூன்று ஆண்டு நான்கு மாதம். நான்காம் ஆண்டில் வண்டியை விற்பதா, உத்தரவாதம் இல்லாமல் வைத்துக்கொள்வதா என்பதை வாங்கும்போதே தீர்மானித்து, நீட்டிப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டயரும் இதே வகைச் செலவு: எடையும் இழுவிசையும் கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்து தேய்த்துவிடும். பல மாடல்களில் உபரிச் சக்கரமே கிடையாது; ஓரத்துக் கல்லில் பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டும் திரவம் உதவாது. பிரேக்கை அரிதாகவே மிதிப்பதால், நம் ஈரக்காற்றில் டிஸ்க்கில் துரு ஏறும். வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி இல்லாத நேரான இடத்தில் நன்றாக அழுத்திவிடுங்கள்.

கோவையில் அவிநாசி சாலையில் ஒரு சுற்று ஓட்டக் கொடுப்பார்கள். அது போதாது, ஒரு நாள் வண்டியைக் கேளுங்கள், தரத் தயங்கினால் வேறு நிறுவனத்திடம் போங்கள். சித்தியையும் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து வீடு வரை ஏறி, உடனே இறங்கி, இரண்டு முனையிலும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னிருக்கையில் இருப்பவருக்குத் தலைசுற்றல் வருகிறதா என்பதும் அந்தப் பிடிப்பை எந்த அளவில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். மும்முனை இணைப்புக்கான விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிட்டால், வண்டி வருவதற்குள் மீட்டர் வந்துவிட வாய்ப்புண்டு.

சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தங்கள் அண்ணன் மகன்
குன்னூர்