மணிக்குப் புனலை மாட்டிவிடு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து 12 நாளாகிறது. கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம், வேறொன்றும் இல்லை. குளிர் பழகிவிட்டது. இப்போதெல்லாம் வேலைக்கு நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லதுதானே.

நம் நாய் மணியின் தொடையில் இருக்கும் கட்டியை அடுத்த மாதம் எடுக்கப்போகிறார்களாமே. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாட்டிய கோலத்தில் அந்த வாயில்லா ஜீவனைப் பார்க்க மனசு வரவில்லை, மாட்டவே போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அம்மா, அப்படிச் செய்துவிடாதே.

யாரோடும் பேசாத கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொன்னேனே, அவருடைய நாய்க்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. பாவம் பார்த்து ஒரு ராத்திரி புனலைக் கழற்றியிருக்கிறார். விடிவதற்குள் நக்கி நக்கித் தையலைப் பிரித்துவிட்டது. மறுபடி மயக்க ஊசி, மறுபடி தையல். நாய் நக்கினால் புண் ஆறிவிடும் என்று ஆச்சி சொல்வார். ஆனால் எச்சிலில் இருக்கும் கிருமியே புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும். அன்றிலிருந்து பாட்டி வெளியே போனால் நான்தான் காவல்.

புனலின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். கடையில் எலிசபெத் காலர் என்று கேள். முதலாம் எலிசபெத் ராணி காலத்துக் கழுத்து மடிப்பைப் போல இருப்பதால் அந்தப் பெயர். தூங்கும்போதும் கழற்றாதே. தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரைதான். சாப்பாட்டுத் தட்டை ஒரு பலகை மேல் வை. பக்கத்தில் வருவது தெரியாமல் மிரளுவான், பேசிக்கொண்டே கிட்டே போ.

முதல் நாள் அந்த நாய் கதவு நிலையில் இடித்துக்கொண்டு, பின்னால் வரத் தெரியாமல் அப்படியே நின்றது. மெதுவாகத் திருப்பிவிட்டேன். புனலோடு தலையை என் மடியில் வைத்துப் படுத்துக்கொண்டது. இங்கே வந்த பிறகு ஓர் உயிர் என் மடியில் தலை வைத்தது அன்றைக்குத்தான். பாட்டி வந்த பிறகும் எனக்கு எழுந்திருக்க மனசில்லை. மணி இன்னும் என் பழைய சட்டை மேல்தான் படுக்கிறானா?

சரி. தம்பிக்குப் பரீட்சை முடிந்ததும் ஆபரேஷனை வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி அவன் பார்த்துக்கொள்வான். இடுப்பு வலியோடு அப்பா மணியைத் தூக்க வேண்டாம். இந்த மாதப் பணம் சற்றுப் பிந்தும், ஆபரேஷனுக்கு முன்னால் கண்டிப்பாக வந்துவிடும். அதற்காக அக்காவிடம் கேட்காதே, மாமாவுக்கும் தெரிய வேண்டாம். தையல் பிரித்த அன்றே எழுது.

உன் மகன்