உள்நுழைவுத் திரை வந்துவிட்டால் வேலை முடிந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டி முதல் மண்டபம், ராமேஸ்வரம் வரையுள்ள கடற்கரை ஊர்களில் படகு உரிமையாளர் சங்கங்கள், ஐஸ் கம்பெனிகள், இறால் ஏற்றுமதி செய்பவர்கள் எனப் பலரும் அலுவலக மூலையில் ஒரு லினக்ஸ் சர்வரை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். இத்தொழிலில் இருக்கும் நான் பார்த்தவரை அவற்றில் பல சென்ட்ஓஎஸ் என்னும் இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் 7-ஆம் பதிப்பில் ஓடியவை. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், அதன் பிறகு தெரியவரும் பாதுகாப்புக் குறைகளுக்கு அதில் திருத்தம் வராது. ஆகவே, சென்ட்ஓஎஸ் போலவே ரெட்ஹாட் நிறுவனத்தின் லினக்ஸை ஒட்டி வந்த அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் போன்றவற்றுக்கு மாறியவர்களையும் மாறப்போகிறவர்களையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாறிய பிறகு நடக்க வேண்டிய சரிபார்ப்பைப் பற்றியே இக்கடிதம். உள்நுழைவுத் திரை தெரிந்தவுடன் கையெழுத்து வாங்கிக்கொண்டு பில்லை நீட்டுவதோடு அந்த வேலை நம் பகுதியில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

உடனே கண்ணில் படும் கோளாறுகளால் பெரிய ஆபத்தில்லை. இணையப் பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி மொழியின் பழைய 5-ஆம் பதிப்புக் காலத்தில் எழுதிய நிரலில், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை அழைக்கும் பழைய கட்டளைகள் பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டுவிட்டதால் பக்கம் வெள்ளையாக வந்து நிற்கும். ஏதாவது ஒரு சேவை தொடங்க மறுக்கும். பழைய அமைப்புக் கோப்பு ஓரமாக ஒதுக்கப்பட்டு, புதியது அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். தொடங்காத சேவைகளின் பட்டியலையும், கடைசியாக சர்வர் இயங்கத் தொடங்கியது முதல் பதிவான பிழைச் செய்திகளையும் எடுத்துப் பொறுமையாகப் படிப்பவர் இவற்றை ஒரே நாளில் தீர்த்துவிடலாம். திரையில் ஒன்றுமே சொல்லாமல் உள்ளே தவறாக ஓடுபவைதான் பயப்பட வேண்டியவை.

இரவுதோறும் எடுக்கப்படும் பேக்கப் இவற்றில் முதலாவது. அதற்கான ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) பெரும்பாலும் எப்போதோ ஒருவர் பைத்தான் மொழியின் பழைய 2-ஆம் பதிப்பில் எழுதிவைத்துப் போனதாக இருக்கும். ரெட்ஹாட் 8 வழிவந்த பதிப்புகளில் பைத்தான் என்ற வெறும் பெயரில் ஒரு கட்டளை இயல்பாகக் கிடையாது. ஸ்கிரிப்ட் தொடங்கிய நொடியிலேயே நின்றுவிடும். அதற்கான பிழைச் செய்தியோ யாரும் திறந்து பார்க்காத ரூட் என்னும் நிர்வாகப் பயனரின் அஞ்சல் பெட்டியிலோ லாக் கோப்பிலோ போய் விழும். பேக்கப் கோப்புறையைத் திறந்தால் பழைய கோப்புகள் நிறைய இருப்பதால், தேதியைப் பார்க்காதவருக்கு எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும்.

இதைவிட நுட்பமான ஒன்றை ஒரு சங்கத்தின் அலுவலகத்தில் நேரில் பார்த்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. படகுகளின் பதிவு எண், உரிமையாளர் பெயர், டீசல் கணக்கு ஆகியவை அங்கே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருந்தன. மேம்படுத்தலுக்குப் பின் ஒரு படகின் எண்ணைத் தட்டினால் ‘பதிவு இல்லை’ என்று வந்தது. முழுப் பட்டியலை அச்சிட்டால் அதே எண் தாளில் இருந்தது. எழுத்தர் வேறு வழியின்றி அந்தப் படகைப் புதிதாகப் பதிந்தார். ஒரே எண் இருமுறை வரக் கூடாது என்ற கட்டுப்பாடு தரவுத்தளத்தில் இருந்தும் அது தடுக்கவில்லை. ஒரே படகுக்கு இரண்டு டீசல் கணக்குகள் ஓடத் தொடங்கின. மேம்படுத்தியவர்களிடம் கேட்டபோது, தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

அது தட்டச்சுப் பிழையல்ல. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற விதியை போஸ்ட்கிரெஸ் பொதுவாக லினக்ஸின் ஜிலிப்சி என்னும் அடிப்படை நூலகத்திடமிருந்தே பெறுகிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 பதிப்பில் அந்த விதி பெரிதும் மாறியது. முன்பு வழக்கமான மொழி அமைப்புகளில் ‘11’ முதலிலும் ‘1-1’ அடுத்தும் வரும். இப்போது ‘1-1’ முதலில் வருகிறது. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது பழைய விதி, ரெட்ஹாட் 8 வழிப் பதிப்புகளில் இருப்பது புதிய விதி. நம் படகு எண்களோ இடைக்கோடு போட்டு எழுதப்படுபவை. ஒரு எழுத்தர் கோட்டோடும் இன்னொருவர் கோடில்லாமலும் தட்டியிருப்பார்கள். தரவுக் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மாற்றும்போது, வட்டில் உள்ள தேடல் அட்டவணை (இண்டெக்ஸ்) பழைய வரிசையிலும் தேடும் நிரல் புதிய வரிசையிலும் இருக்கின்றன. அகர வரிசை மாறியது தெரியாமல் பழைய அகராதியைப் புரட்டுவதைப் போன்றது இது: சொல் உள்ளே இருக்கும், தேடுகிறவர் வேறு பக்கத்தில் தேடுவார்.

இதற்கான தீர்வு எளிது. தரவை எழுத்து வடிவில் வெளியே எடுத்துப் புதிய சர்வரில் மீண்டும் ஏற்றியிருந்தால் அட்டவணைகள் புதிதாகக் கட்டப்பட்டிருக்கும், சிக்கலே வந்திருக்காது. அப்படிச் செய்யாதவர்கள், மேம்படுத்தல் முடிந்து பயனர்களை உள்ளே விடுவதற்கு முன்பு அந்த அட்டவணைகளைப் புதிதாகக் கட்டும் ரீஇண்டெக்ஸ் கட்டளையை ஓட்ட வேண்டும். தாமதித்தால் அந்தக் கட்டளையே இரட்டைப் பதிவுகளைக் காட்டி நின்றுவிடும். எது உண்மையான கணக்கு என்பதைக் கணினி சொல்லாது, ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சங்கத்தில் நடந்ததும் அதுதான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. ரெட்ஹாட் 9 வழிப் பதிப்புகள் ஷா-1 என்னும் பழைய முறையிலான டிஜிட்டல் கையொப்பத்தை இயல்பாக ஏற்பதில்லை. அதனால் பழைய எடைமேடைக் கருவி போன்றவை கோப்பு அனுப்ப முடியாமல் போகலாம். உடனே முழு சர்வரின் பாதுகாப்புக் கொள்கையையும் பழைய நிலைக்கு இறக்குவது, போதாக்குறைக்கு எஸ்இலினக்ஸ் என்னும் பாதுகாப்பு அடுக்கையும் அணைப்பது என்பது பலருக்குக் கைவந்த வைத்தியம். ஒரு கருவிக்காக எல்லாக் கதவுகளையும் திறந்துவிடும் இந்த வேலைக்கு யாரும் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்கலாம். முடியாவிட்டால் இடையில் ஒரு சிறு கணினியை வைத்து அதன் வழியே கோப்பைப் பெறலாம்.

நம் கடற்கரைக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. டோக்கன் வரிசையோ டீசல் நெருக்கடியோ இருக்காது. நிவாரணப் பட்டியல், படகு ஆய்வு ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் தேவைப்படும் நாட்களை விட்டுவிட்டு, மே மாதத்தில் சர்வரை மாற்றினால், ஜூன் 15-க்குள் ஆற அமரச் சரிபார்க்கலாம். நாட்டுப்படகுக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த இடைவெளி கிடைக்காது. அவர்கள் வேறு நாள் பார்க்க வேண்டும்.

வேலை உத்தரவில் இவற்றை எழுத்தில் சேர்க்குமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். புதிய சர்வரில் எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றிக் காட்டிய பிறகே பாதித் தொகையைத் தர வேண்டும். படகு எண்களையும் பெயர்களையும் தேடிப் பார்க்கும் சோதனையைச் செய்ய வேண்டியவர், சர்வரை அமைத்தவர் அல்லர். பதிவேட்டைத் தினமும் புரட்டும் எழுத்தர்தான். பழைய வட்டை அழிக்காமல் ஒரு மாதக் கணக்கு முடியும்வரை பூட்டிவைக்க வேண்டும். உபுண்டு என்னும் வேறொரு லினக்ஸின் 22.04 பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு இலவசப் பொது ஆதரவு 2027-இல் முடிகிறது என்பதால், அவர்கள் அந்த ஆண்டுத் தடைக்காலத்தை இப்போதே நாட்காட்டியில் குறித்துவைக்கலாம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
மண்டபம்.