ஏர் ரைபிள் வாங்கிய தம்பிகளே, குருவியை விடுங்கள், காகிதத்தைச் சுடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் ஏர் ரைபிள் வாங்குகிற இளைஞர்கள் எங்கள் பக்கம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். வாங்குவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, சொல்லப்போனால் சந்தோஷம்தான், ஏனென்றால் நானும் ரைபிள் கிளப்பில் பல வருடமாகச் சுடுகிறவன், அந்த விளையாட்டின் ருசி தெரிந்தவன். வாங்கிய மறு ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது என்பதுதான் வருத்தம். நேராகத் தோப்புக்குப் போகிறார்கள், புளியமரத்தில் உட்கார்ந்திருக்கிற புறாவையோ மைனாவையோ அணிலையோ குறி வைக்கிறார்கள், விழுந்தால் அதைக் கையில் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ, விழாவிட்டால் இன்னும் நாலு குண்டு. ஒரு மாதத்தில் அதுவும் அலுத்துப்போய் ரைபிள் பரணுக்குப் போய்விடுகிறது. குண்டை உடம்பில் வாங்கிக்கொண்டு பறந்துபோய் எங்கேயோ ஒரு வேலிக்குள் கிடந்து செத்ததெல்லாம் யார் கணக்கிலும் வராது.

இந்தத் தம்பிகள் கெட்டவர்கள் இல்லை. துப்பாக்கி என்றால் எதையாவது சாகடிக்கத்தான் என்றுதான் அவர்கள் பார்த்த எல்லாமே சொல்லியிருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை 10 மீட்டர் தள்ளி வைத்துச் சுடுவதில் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குக் காட்டியதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர், அதாவது 0.177 அங்குலத்துக்கு மேல் போகாத குழல் துளையும், 20 ஜூலுக்கு மேல் போகாத குண்டின் சக்தியும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. இதை மட்டும் கடைக்காரர் நன்றாகச் சொல்லிவிடுகிறார். லைசென்ஸ் வேண்டாம் என்றால் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று அர்த்தமில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படியே இருக்கிறது. நம் கண்ணில் படுகிற பறவைகளில் பெரும்பாலானவை அதில் வந்துவிடும், முயலும் வரும். மயிலைச் சுட்டால் குறைந்தது 3 வருடம் சிறை. தெருநாயைச் சுட்டுக் காயப்படுத்தினாலும் வழக்கு உண்டு. ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு அதற்காகக் கோர்ட்டுக்கு அலைவது தேவையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு வைக்கிற டார்கெட்டின் மொத்த அகலமே 45.5 மில்லிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் நடுவில் பத்து மார்க் தருகிற இடம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. நாம் சுடுகிற குண்டு 4.5 மில்லிமீட்டர், அதாவது குண்டு புள்ளியைவிட ஒன்பது மடங்கு பெரியது! பெரிய போட்டிகளில் பத்தையும் தசமத்தில் பிரித்து, நட்டநடுவில் விழுந்தால் 10.9 என்று மார்க் போடுகிறார்கள். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 அடித்துத் தங்கம் வாங்கினார், இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். 2012 லண்டனில் இதே பிரிவில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது சென்னையில். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்குக்கும் போன இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். இவர்கள் யாரும் புறா சுட்டு வளர்ந்தவர்கள் இல்லை, ஒரு தாளில் ஒரு புள்ளியைத் துரத்தித்தான் அந்த இடத்துக்குப் போனார்கள்.

புறாவைச் சுட்டால் விழுந்தது, விழவில்லை என்ற இரண்டு பதில்தான். தாள் அப்படி இல்லை, நாம் செய்த ஒவ்வொரு தப்பையும் அது காட்டிக்கொடுக்கும். ஐந்து குண்டு சுட்டுவிட்டுப் போய் எடுத்துப் பாருங்கள். ஐந்து ஓட்டையும் ஒரே இடத்தில் நெருங்கி, ஆனால் நடுவைவிட்டு இடது பக்கம் தள்ளி இருக்கிறதென்றால் உங்கள் கை சரி, குறி பார்க்கிற சைட்டைத்தான் திருப்ப வேண்டும். மேலும் கீழுமாகச் சிதறியிருந்தால் பெரும்பாலும் மூச்சைப் பார்க்க வேண்டும். விசையை, அதாவது ட்ரிக்கரை, மெதுவாக அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்திருந்தால் குண்டு ஒரு பக்கமாக ஓடியிருக்கும். இதைப் படிக்கப் பழகிவிட்டால் அப்புறம் பரணுக்கு ரைபிள் போகாது, அதற்கு நான் பொறுப்பு.

வீட்டில் சுட இடம் இருக்கிறதா என்று முதலில் நேர்மையாகப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரும் ஜன்னலும் தெரிகிற மொட்டை மாடி இடமே இல்லை. சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லாத தோட்டமோ, இரண்டு பக்கமும் கதவடைத்த நீள வராந்தாவோ இருந்தால் போதும். சிமெண்ட் சாக்கில் மணல் நிரப்பி இரண்டு வரிசையாக இடுப்புக்கு மேல் உயரத்துக்கு அடுக்குங்கள். அதன்முன் ஒரு பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துத் தொங்கவிட்டு, அதில் டார்கெட் தாளைக் குத்துங்கள். குண்டு துணியில் வேகம் குறைந்து மணலில் அடங்கும், சாக்கும் சீக்கிரம் கிழியாது. கருங்கல் சுவர், இரும்புக் குழாய், மரத்தின் அடிப்பக்கம், கிணற்றுத் தண்ணீர், பாட்டில் இவற்றை நோக்கிச் சுடவே கூடாது, குண்டு எகிறி எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெல்லட் என்கிற ஈயக் குண்டு மட்டும் போடுங்கள், கடையில் பால்ஸ் என்று கிடைக்கிற இரும்பு உருண்டை வேண்டாம், அது எகிறுகிற வேகமே வேறு. சுடுகிறவர் மட்டுமில்லை, பக்கத்தில் நிற்கிற குழந்தைவரை எல்லோருக்கும் கண்ணைக் காக்கிற கண்ணாடி கட்டாயம். ஈயம் தொட்ட கையோடு முறுக்கை எடுத்துச் சாப்பிடக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை.

குழலை மடித்து லோடு செய்கிற ரைபிள்தான் நம் ஊரில் அதிகம். அதில் பெல்லட்டை வைக்கும்போது மடித்த குழலை மற்றொரு கையால் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும், பிடி நழுவி ஸ்பிரிங் விட்டுவிட்டால் விரல் போய்விடும். இந்த வகை ரைபிளை பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்ப்பதும் ஆகாது, உள்ளே பிஸ்டன் போய் முட்டிக் கெட்டுவிடும். இன்னொன்று, புதிதாகச் சுடுகிற எல்லோரும் ரைபிளை உடும்புப் பிடியாகப் பிடிப்பார்கள். ஸ்பிரிங் ரைபிளுக்கு அது நேர் எதிரி. இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் ரைபிளைச் சும்மா கிடத்தி, தோளில் லேசாக ஒட்டி, அது குதிக்கிறபடி குதிக்க விட்டால்தான் குண்டு ஒரே இடத்தில் போய் விழும். இதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் நம்பவே மாட்டார்கள், அதே ரைபிள், அதே பெல்லட், ஓட்டைகள் சிதறுகிற அகலம் பாதியாகச் சுருங்கிவிடும்.

விளையாடுவதற்கும் எத்தனையோ இருக்கிறது. சுட்ட ஐந்து ஓட்டையின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மூட முடிகிறதா என்று பாருங்கள், எங்கள் கிளப்பில் டீ யார் வாங்கித் தருவது என்பதே இப்படித்தான் முடிவாகிறது. மணல் மூட்டைக்கு முன்னால் ஒரு பலகையில் சாக்பீஸ் துண்டுகளை வரிசையாக நிறுத்திச் சுடலாம், பட்டால் வெள்ளைத் தூளாகப் பறக்கும், மெரினாவில் பலூன் சுட்ட அதே குஷி அதில் உண்டு. உட்கார்ந்து ஐந்து, முட்டி போட்டு ஐந்து, நின்று ஐந்து என்று மாற்றி மாற்றிச் சுட்டால் உடம்பின் எந்தப் பகுதி ஆடுகிறது என்று தெரியும். ஸ்வப்னில் குசாலே பாரிஸில் வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் போட்டியும் முட்டி போட்டு, படுத்து, நின்று என மூன்று நிலையில் சுடுவதுதான். வீட்டில் பெரியவர்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிடுங்கள். இதில் பலம் வேலை செய்யாது, பொறுமைதான் செய்யும். பல வீடுகளில் அம்மாதான் ஜெயிப்பார், நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் சுடும்போது மட்டும் ஒரு பெரியவர் கூடவே நின்று ஒவ்வொரு பெல்லட்டாகக் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, எத்தனை அடி தூரம், எந்தப் பெல்லட், மார்க் எவ்வளவு, அன்றைக்குத் தூக்கம் எப்படி, எல்லாம் எழுதி வாருங்கள். கோபத்தோடு வந்து சுட்ட நாளும் நிதானமாகச் சுட்ட நாளும் அதில் அப்படியே தெரியும். அப்புறம் சுடாமலே பயிற்சி. லோடு செய்யாத ரைபிளை எடுத்து, விரலை விசைக்கு வெளியே வைத்து, சுவரில் ஒட்டிய ஒரு புள்ளியை அரை நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். சாதாரணமாகத்தான் தெரியும், நின்று பார்த்தால் பத்து நொடியில் சைட் ஊஞ்சல் ஆட ஆரம்பித்துவிடும், சொந்த நாடித்துடிப்பே குழலின் முனையில் தெரியும். போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும், அந்த 60 தடவையும் இந்த ஆட்டத்தை அடக்க வேண்டும். தியான வகுப்புக்குப் போகிறவர்களுக்கு இதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

கொஞ்சம் கை பழகியதும் ஒரு கிளப்புக்குப் போய்விடுங்கள். சென்னை, மதுரை, கோவை, திருச்சியில் ரைபிள் கிளப் இருக்கிறது. போன முதல் நாளே கற்றுக்கொள்கிற ஒன்றைச் சொல்கிறேன். சுடாத நேரத்தில் குழலுக்குள் முழு நீளத்துக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற நைலான் கம்பி ஒன்றைச் செருகி வைப்பார்கள், இரண்டு முனையும் வெளியே தெரிய வேண்டும். அதைப் பார்த்தாலே உள்ளே குண்டு இல்லை என்று தூரத்தில் நிற்பவருக்கும் தெரிந்துவிடும். சில ரூபாய் சமாச்சாரம், வீட்டிலும் வையுங்கள். குழலை ஆள் இருக்கும் பக்கம் திருப்பினால் அங்கே யாரும் சிரித்துக்கொண்டு விடமாட்டார்கள், சீனியராக இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் பூட்டிவைப்பது, பெல்லட் டப்பாவை வேறு இடத்தில் வைப்பது, பைக்கில் கொண்டுபோகும்போது உறைக்குள் போட்டு பில்லையும் கூடவே வைத்துக்கொள்வது எல்லாம் அங்கே தானாகப் பழகிவிடும். என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டவர்களுக்கு இந்த ஒழுங்கு ஏற்கெனவே தெரியும், அவர்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அரை மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தால் பெரிய உபகாரம்.

பழக்கத்தை மாற்ற முடியாது என்று சொல்கிறவர்களுக்கு அருணாசலப் பிரதேசத்தைக் காட்டுவேன். அங்கே பறவை வேட்டை தலைமுறைப் பழக்கம், வீட்டுக்கு வீடு ஏர் கன். 2021இல் கிழக்கு காமெங் மாவட்டத்தில் லும்டுங் என்ற கிராமத்தில் ஏர் கன்னை ஒப்படைக்கும் இயக்கம் ஆரம்பித்தது, ஜனங்களே கொண்டுவந்து ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள். நம் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள், வந்து தங்குகிற பறவைகள் மிரண்டுபோகும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. ரைபிளை ஒப்படையுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. குழலைத் தாள் பக்கம் திருப்புங்கள் என்றுதான் கேட்கிறேன், இது அதைவிட எத்தனையோ சுலபம்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஜூலையில் நடிகர் அஜித்குமார் திருச்சி ரைபிள் கிளப்பில் மாநிலப் போட்டிக்கு வந்தபோது கூடிய கூட்டத்தை உங்கள் பத்திரிகை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் வரை போய்ச் சுட்டார். ஆர்வத்துக்குக் குறைவில்லை, இடம்தான் இல்லை. ஏர் ரைபிளுக்குத் தேவை 10 மீட்டரும், நிற்கக் கொஞ்சம் இடமும்தான், சின்னக் கல்யாண மண்டபத்துப் பந்திக் கூடத்திலேயே முடிந்துவிடும். பல மாவட்டத் தலைநகர்களில் விளையாட்டு அரங்கத்துக்குள் சாமான் போட்டுவைக்கிற அறைகள் காலியாகவே கிடக்கின்றன. ஒன்றைச் சுத்தம் செய்து, பின்சுவருக்கு முறையான தடுப்புப் போட்டு, வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஒரு பயிற்சியாளரை வைத்து, கூலி வேலைக்குப் போகிற பையனும் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் திறந்துவிட்டால், தோப்புக்குப் போகிற பாதிப் பேர் அங்கே வந்துவிடுவார்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரைபிள் விற்கும்போது பெல்லட் டப்பாவோடு ஒரு கட்டு டார்கெட் தாளையும் வைத்துக் கொடுங்கள், கூடவே எதைச் சுடக் கூடாது, எங்கே நின்று சுட வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் பக்கத்தில் இருக்கிற எந்த ரைபிள் கிளப்பிலும் கேளுங்கள், எழுதித் தருவார்கள். எங்களிடம் கேட்டால் அச்சுக்கூலியையும் நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ரைபிள் கிளப் உறுப்பினர் ஒருவர்,
மதுரை மாவட்டம்.