உன்னை யார் தூக்கச் சொன்னது?

எங்கள் வட்டாரக் கபடிக் கழக நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஐப்பசிப் போட்டியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மறுநாள் கிரவுண்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவரிடம் நீங்கள் கேட்டதும் நினைவிருக்கும்: "உன்னை யார் தூக்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை, ஐயா. இரவு பதினொன்றரைக்கு மழை பிடித்தது. உங்கள் கார்கள் அதற்குள் போய்விட்டன. ஆண்கள் ஆடுகளம் 13க்கு 10 மீட்டர். அதில் விரித்திருந்த மேட்டு, அதாவது ஆடுகிற விரிப்பு, அத்தனையையும் பெரியவர் துண்டு துண்டாகக் கழற்றிப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் சேர்த்தார். ஸ்கோர் எழுதுகிற நானும் இன்னும் மூன்று பேரும் கூட. ஈரப் படியில் வழுக்கி அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அப்போதும் "மேட்டு நனையலியே?" என்றுதான் கேட்டார். காலையில் இறுதி ஆட்டம் சொன்ன நேரத்துக்கு நடந்தது. மேடையில் பதினோரு பேருக்குப் பொன்னாடை. அவருக்கு வைத்தியச் செலவும் இல்லை, கட்டோடு கிடந்த நாட்களுக்குக் கூலியும் இல்லை.

அதைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அவர் வேலை கோடு போடுவதும் தண்ணீர் தெளிப்பதும். பெண்கள் ஆட்டம் முடிய நேரமானால் பிள்ளைகளைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிடுவது யார்? சொல்லாமல் வந்து இறங்கிய அணிக்குப் படுக்க இடம் பார்ப்பது யார்? இது எதுவும் உங்கள் நோட்டில் இல்லை. ஆனால் இதை நம்பித்தான் தாய்மார் பெண்பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

மேலாண்மை படிக்கும் என் மகள் சொன்னாள்: சம்பளக் கணக்கில் வராத இப்படிப்பட்ட உதவிகளை டென்னிஸ் ஆர்கன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988இல் ஐந்து வகையாகப் பிரித்தாராம். ஒன்றுக்கு விளையாட்டிலிருந்தே பெயர் எடுத்திருக்கிறார், ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப். சிரமத்தை முணுமுணுக்காமல் பொறுத்துக்கொள்வது. அந்த ஒன்றை மட்டும் நம் கழகம் நன்றாகப் படித்திருக்கிறது, அடுத்தவர் காட்டவேண்டிய குணமாக!

டெல்டாவில் இது புதிதா என்ன? மேட்டூரில் மதகைத் திறந்து பூத்தூவுகிறவர் படம் பேப்பரில் வரும். கடைமடையில் ராத்திரியில் ஆகாயத்தாமரையை விலக்கித் தண்ணீர் கொண்டுவருகிறவரை எவர் படம் எடுத்தார்? சரி, அது வேறு கதை.

போன வாரம் தூறல் போட்டபோது கவனித்தீர்களா? பையன்கள் மேட்டைப் பார்த்தபடி நின்றார்கள். "நம்மள யாரு தூக்கச் சொன்னது?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். அவருடைய வைத்தியச் செலவையும் கூலியையும் பொங்கல் போட்டிக்கு முன் கொடுத்துவிடுங்கள். கட்டுப் பிரித்த கையோடு கோடு போட வருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் இன்னும் கூப்பிடவே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கோரர்