பி53 படித்தேன், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நிலையான வடிவமில்லாத புரதங்களைப் பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையை முழுசாகப் படித்துவிட்டேன். அதோடு உன் கையால் இரண்டு வரி சேர்த்திருக்கலாம். சரி, போகட்டும்.

1894-இல் எமில் ஃபிஷர் சொன்ன பூட்டு-சாவியைத்தான் நான் ஓய்வு பெறும்வரை வகுப்பில் சொன்னேன். புரதத்துக்கு வடிவம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று. நீயோ வடிவமே நிலைக்காத துண்டுகளைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாய். நம் புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் அப்படி ஒரு நீண்ட பகுதி உண்டாம், பாக்டீரியாவில் மிகக் குறைவாம். என் மகள் எனக்கே பாடம் எடுக்கிறாள் என்று பெருமையாகத்தான் இருந்தது. நேரத்துக்குச் சாப்பிடு.

திசுவுக்குத் திசு மரபணுச் செய்தியை வேறுவேறு மாதிரி வெட்டி ஒட்டும் இடத்தை நன்றாக எழுதியிருக்கிறாய். மடிந்த பகுதியில் கைவைத்தால் புரதமே குலைந்துவிடும். தொளதொளவென்று கிடக்கும் பகுதி வெட்டைத் தாங்கும். ஒரே மரபணுக்களை வைத்துக்கொண்டு தோல் செல் ஒரு மாதிரியும் நரம்பு செல் ஒரு மாதிரியும் நடக்க அதுவும் ஒரு காரணம்.

செல் கண்டபடி பிரியாமல் தடுத்துப் புற்றுநோயிலிருந்து காக்கும் புரதமான பி53-க்கு வந்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. 393 அமினோ அமிலம். நடுப்பகுதி இறுக மடிந்து டிஎன்ஏவைப் பிடிக்கிறது, முனைகள் தளர்ந்து கிடக்கின்றன. வால் ஒரு புரதத்தோடு சேர்ந்தால் சுருளாகிறது, இன்னொன்றோடு சேர்ந்தால் நீண்டுகொள்கிறது. தனியாகத் திரிந்த செல்லுக்கு இரை கிடைத்தால் பிரிவதுதான் வேலை. கூட்டமாக வாழ ஆரம்பித்த பிறகு, ‘இப்போது பிரியாதே’ என்று தடுக்க ஆள் வேண்டியிருந்தது. பி53 மாதிரியே பி27 என்ற இன்னொரு புரதமும் அந்த வேலைதான் பார்க்கிறது. தனியே இருக்கையில் அதற்கும் நிலையான வடிவம் கிடையாது. செல் பிரிவை முடுக்கும் நொதியின்மேல் படர்ந்து அதைத் தடுக்கும்போதுதான் மடிகிறது.

புற்றுநோய்களில் பாதியளவில் பி53 கெட்டிருக்கிறது என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. பெரியம்மாவும் ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியெல்லாம் லேபில் கிடக்காதே. போனில் அசதியாக இருக்கிறது, டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்றாய். அதற்குப் பிறகு இந்தக் கட்டுரைதான் வந்தது. அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எதையும் தள்ளிப்போடாதே, பாப்பா. உன் வேலை முக்கியம்தான், யார் இல்லை என்றது?

ஒரு சந்தேகம். பி53-இல் வரும் கெட்ட மாற்றங்கள் பெரும்பாலும் அந்த மடிந்த நடுப்பகுதியில்தான் என்கிறாய். முனைகளில் மாற்றமே வருவதில்லையா, வந்தாலும் தாங்கிக்கொள்கிறதா? இதை எழுதி அனுப்பாதே, போனில் சொல். எந்த நேரமானாலும் எடுப்பேன். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா