ஓட்டப்படாத பேய்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இடமாற்றம் ரத்தாகி நீ மதுரையிலேயே இருக்கப் போகிறாய் என்பதும், அக்காவின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்பதும் நிம்மதி தந்தன. நான் இயக்கும் பேய்ப் பாட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கடைசிச் சரணத்தில் விளக்கேற்றியதும் பேய் மறைவதாக முடித்தால் பார்ப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்குமே என்றும் யோசனை சொல்லியிருந்தாய். படப்பிடிப்பு முடிந்து படத்தொகுப்பு நடக்கிறது. அந்த முடிவைப் பற்றித்தான் உன்னிடம் விரிவாகப் பேச வேண்டும்.

பாட்டு, தன்னைத்தானே ஓயாமல் குறைசொல்லிக்கொள்ளும் ஒருவனைப் பற்றியது. இரவுப் பணி முடிந்து வாடகை அறைக்குத் திரும்புகிறவன், தன் சாயலிலேயே ஓர் உருவம் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறான். நம் திரைப்படங்களில் பேய் என்றால் அதற்கொரு முன்கதை இருக்கும்: யாரோ அநியாயம் செய்திருப்பார்கள், செத்தவர் திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பார், தீர்ந்ததும் போய்விடுவார். இந்தப் பேய்க்கு அப்படி ஒரு வழக்கும் இல்லை. அது வெளியிலிருந்து வந்ததே அல்ல. ஆகவே வெள்ளைப் புடவை, சலங்கை ஒலி மட்டுமல்லாமல் கத்தியும் ரத்தச் சாயமும்கூட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்தேன். மனம் நொந்தவனைக் கொலைகாரனாகக் காட்டும் வழக்கம் எனக்கு என்றைக்கும் உவப்பாக இருந்ததில்லை.

உருவத்தைக் கணினியில் சேர்க்காமல் கேமராவுக்கு முன்னாலேயே வரவழைத்தோம். லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் 1862ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஜான் ஹென்றி பெப்பர் என்ற அறிவியல் விரிவுரையாளர் மேடையேற்றிய அதே உத்திதான். மூல யோசனை ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளருடையது. பெரிய கண்ணாடி ஒன்றைக் கேமராவுக்கும் அறைக்கும் இடையில் சாய்கோணத்தில் நிறுத்தினோம். பக்கத்துச் சமையலறை முழுவதையும் கறுப்புத் துணியால் மூடி, அவனாக நடிக்கும் பாடகரின் உயரமும் உடல்வாகும் கொண்ட ஒருவரை அங்கே உட்கார வைத்தோம். அவர்மீது விளக்கு மெல்ல ஏறும்போது, அவருடைய பிம்பம் கட்டிலின்மேல் கூடிவரும். பின்னாலுள்ள சுவர் அந்த உடலுக்குள்ளேயே தெரியும். தனக்கு விழும் ஒளியில் சிறு பகுதியையே கண்ணாடி திருப்பித் தரும் என்பதால் பேய்க்குப் பளீரென்ற வெளிச்சமும் மனிதனுக்கு மங்கல் வெளிச்சமும் தேவைப்பட்டன. இந்த முரண் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிம்பத்தில் இடவலம் மாறிவிடுவதால் பேயின் சட்டைப் பை வலப்பக்கம் போய்விட்டது. உடையைப் பார்த்துக்கொண்டவர், பையை மாற்றித் தைத்தால் சரியாகிவிடும் என்றார், நான் வேண்டாமென்றேன். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பையைக் கவனிக்கமாட்டார்கள், ஆனாலும் ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது என்பது அவர்களை உறுத்தும். கண்ணாடியின் இரு பரப்புகளும் தனித்தனியே பிரதிபலித்ததால் உருவத்தின் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தது. அதையும் அப்படியே விட்டுவிட்டோம்.

இன்னொரு காட்சியில் அவன் நிலைக்கண்ணாடியில் தன் முகத்தையே வெறித்துப் பார்க்கிறான். இத்தாலிய உளவியலாளர் ஜியோவானி கபூட்டோ 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மங்கலான வெளிச்சத்தில் 50 பேரைப் பத்து நிமிடம் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்; 66 சதவீதத்தினர் தங்கள் முகம் பெரிதும் உருக்குலைந்து தெரிந்ததாகச் சொன்னார்கள். சொந்த முகமே இவ்வளவு செய்யும்போது முகமூடி எதற்கு? அந்தக் காட்சியை நொடிக்கு 48 சட்டகங்களில் எடுத்தோம். பாட்டை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டுப் பாடகரை அதற்கேற்ப வாயசைக்கச் சொன்னோம். திரையில் வழக்கமான 24 சட்டகங்களாக ஓடும்போது உதடு பாட்டோடு ஒத்துப்போகிறது, இமை மட்டும் நிதானமாக மூடித் திறக்கிறது.

இனி முடிவுக்கு வருகிறேன். பெப்பர் தம் கண்ணாடி உத்தியை முதலில் பயன்படுத்தியது, 1848இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ஒரு பேய்க்கதைக்கு. அதில் ரெட்லா என்ற வேதியியல் ஆசிரியர் பழைய காயங்களையே நினைத்துப் புழுங்குகிறார். அவர் சாயலிலேயே ஒரு பேய் வந்து, துயர நினைவுகளை எல்லாம் அழித்துவிடுகிறேன் என்கிறது. அவரும் ஒப்புக்கொள்கிறார். நினைவு போனதோடு அவரிடமிருந்த இரக்கமும் போய்விடுகிறது. அவர் நெருங்கிய மனிதர்களும் அதே போல ஈரமற்றவர்களாகி, ஒருவரோடொருவர் சண்டையிடத் தொடங்குகிறார்கள். நீ சொன்ன விளக்கை ஏற்றினால் என் கதாநாயகனுக்கும் இதுதான் நேரும் என்று அஞ்சுகிறேன்.

உங்கள் பக்கத்துக் கோடாங்கியையே எடுத்துக்கொள். உடுக்கையை அடித்தவுடன் அவர் பேயை விரட்டுவதில்லை. 'நீ யார், எந்த ஊர், உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டு அதைப் பேச வைக்கிறார். மாமியாரிடமும் கணவனிடமும் வாய்திறக்க முடியாத பெண், தன் குறை அத்தனையையும் அந்தப் பேயின் வாயாலேயே சொல்லிவிடுகிறாள். ஓட்டுவது அதற்குப் பிறகுதான். எங்கள் பாட்டு அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது: அவன் கட்டிலில் தள்ளி உட்கார்ந்து, அந்த உருவத்திடம் முதல்முறையாக வாய்திறந்து பேசுகிறான். இது ஆறுதலான முடிவு இல்லை என்று நீ சொல்லலாம். உறக்கம் கெட்டவனுக்கு நான் நேர்மையாகத் தரக்கூடிய ஆறுதல் இதற்குமேல் இல்லை.

அந்த இடத்தில் உடுக்கை ஒலிக்க வேண்டும். கணினியில் கிடைக்கும் பதிவுகள் எல்லாம் ஒரே சீராக ஒலிக்கின்றன. இடைக்கயிற்றை இறுக்கும்போதும் தளர்த்தும்போதும் ஒலி ஏறி இறங்குவது அவற்றில் கிடைப்பதில்லை. உனக்குத் தெரிந்த கோடாங்கிகளில் யாராவது பதிவுக்குச் சம்மதிப்பாரா என்று விசாரித்து எழுது. அவருக்குரிய தொகையை முன்கூட்டியே கொடுத்துவிடலாம், ஒலிப்பதிவாளரையும் அழைத்துக்கொண்டு நானே மதுரைக்கு வருகிறேன். அக்காவையும் பார்த்தது போலிருக்கும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்